புவனேஸ் அக்காவை வருத்தம் பார்க்க மலைக்குப் போன கதை

தர்மண்ணையின் அழைப்பு வந்தபோது நான் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் மேட்டுப்பக்கக் கடைசித் தரிப்பில் பேருந்தை நிறுத்திவிட்டு, தேநீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி தாண்டியிருந்தது. அவர் அதிகம் பேசவில்லை. "பிள்ளை, அக்கா போட்டா. விடியத்தான். நோவில்லாமல் போட்டா" என்றார். பணிமனைக்கு அழைத்து, எனக்குப் பதிலாக ஒரு ஓட்டுநரை அனுப்பச் சொன்னேன். அவர் வந்து வண்டியை எடுத்தபோது நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. புவனேஸ் அக்கா கேள்விப்பட்டிருந்தால் அதற்கு ஒரு பேச்சு வாங்கியிருப்பேன். இருபது வருடம் பேருந்து ஓட்டிய அவருக்கு, செத்தவீடு என்றாலும் வண்டி நேரத்துக்கு வெளிக்கிட வேண்டும்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி தர்மண்ணை கேட்டார். தேவாரமும் குடும்ப விவரமும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். "நீ அவளின்ர பகிடியளை எழுது" என்றார். செத்த மனைவியின் வேடிக்கைகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிற கணவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

எனக்கு எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. எட்டாம் நாள் சடங்கன்று, அக்காவின் தாய்மாமன் மனைவியான பரமேஸ் மாமி என்னைச் சமையலறையில் மறித்தார். மாமி அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். குரலை உயர்த்தவில்லை. "சாந்தி, சுகமா இருந்தவளைப் பாக்க நான் அறுநூறு கிலோமீற்றர் வந்தனான். வருத்தக்காரியைப் பாக்க அடுத்த தெருவுக்கு என்னை வரவிடேல்லை நீ" என்றார். நான் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். மாமி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆகவே இந்தப் பக்கங்கள் மாமிக்கான பதில். அக்காவைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் கூடவே வாசிக்கலாம்.

நகரப் பேருந்துக்கு வருமுன் அக்கா சில காலம் சுற்றுலாப் பேருந்து ஓட்டினார். மாரிக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தெற்கே அல்கோய் மலைப்பகுதிக்குப் பனிச்சறுக்கப் பழகக் கூட்டிப்போவார். போன பிறகு ஐந்து நாளும் சாரதிக்கு வேலை இல்லை. முதல் இரண்டு நாள் விடுதி யன்னலோரம் இருந்து கம்பளித் தொப்பி பின்னினாராம். மூன்றாம் நாள் தொப்பி முடிந்துவிட்டது, நூலும் முடிந்துவிட்டது. எழுந்துபோய் வாடகைக் கடையில் ஒரு சறுக்குப் பலகை கேட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. எல்லோரும் காலுக்கொன்றாக இரண்டு ஸ்கீ மாட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஏன் ஒற்றைப் பலகை என்று நான் பின்னொரு நாள் கேட்டேன். "ரெண்டைப் பாக்க ஆருக்கு ஏலும்? ஒண்டு காணும்" என்றார். ஒன்று போதும் என்கிற இந்த இரண்டு சொல்லில் அவருடைய வாழ்க்கையையே அடக்கலாம். ஒரு மோதிரம் காணும், ஒரு கறி காணும், ஒரு மனிசன் காணும், அதுவே கூடிப்போச்சு என்பார், தர்மண்ணைக்குக் கேட்கும்படியாக.

பணிமனையில் நாங்கள் இருவர்தான் தமிழ்ப் பெண்கள். எனக்கு அவரைவிடப் பதினொரு வயது குறைவு. ஆனால் ஓய்வறையில் நான் வாய் காட்டுவதற்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. அவர் பழைய பார்சல் வான் ஒன்றை வாங்கி வந்து, இதில் கட்டிலும் அடுப்பும் வைத்து மலைக்குப் போகப்போகிறேன், நீயும் வா என்றபோது, உங்களுக்கு விசர் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "ஓம், அதுக்குத்தான் துணைக்குக் கூப்பிடுறன்" என்றார். தர்மண்ணை தச்சுவேலை தெரிந்தவர். தான் இந்தக் கூத்துக்கு வரவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணியபடியே மூன்று வார இறுதிகள் இருந்து கட்டில் அடித்தார், அலுமாரி அடித்தார், புட்டுக்குழல் உருளாமல் நிற்பதற்குத் தனியாக ஒரு தட்டும் அடித்தார். குளிர்கால முடிவில் வருகிற கார்னிவல் திருவிழா வாரத்தில் நான்கு சில்லுக்கும் அடியில் நான்கு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி எங்களை அனுப்பினார். எதிர்வீட்டு ஜெர்மன்காரர், கோமாளி உடுப்போடு ஊர்வலத்துக்குப் போக வெளிக்கிட்டவர், எங்களைப் பார்த்து இதுவும் கார்னிவல் வழக்கமா என்று கேட்டார். ஓம் என்றார் அக்கா.

அந்த முதல் பயணத்தில் நாங்கள் செய்த மூடத்தனத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. வெளியே சைபருக்குக் கீழே பதினான்கு பாகைக் குளிர். மற்ற வான்களில் இருந்தவர்கள் பாணும் சீஸும் தின்றுவிட்டுப் படுத்தார்கள். நாங்கள் யன்னல், கூரைத் துவாரம் எல்லாவற்றையும் குளிருக்குப் பயந்து இறுக்கி அடைத்துவிட்டுப் புட்டு அவித்தோம். ஒரு குழல் இல்லை, ஐந்து குழல், மற்ற நாளுக்கும் சேர்த்து. ஆவி வானுக்குள் நிறைந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நல்ல கதகதப்பு என்று மகிழ்ந்து சம்பலோடு சாப்பிட்டுப் படுத்தோம். அந்த ஆவி கதவு றப்பர்களில் எல்லாம் படிந்து, நாங்கள் தூங்கும்போது கல்லாக உறைந்துவிட்டது. விடிந்து பார்த்தால் பக்கக் கதவு அசையவில்லை. பின்கதவும் இல்லை. சாரதிக் கதவும் இல்லை. நான் கெட்டிக்காரத்தனமாகச் சுடுதண்ணீரை ஊற்றினேன். அது மேலும் ஒரு படை பனிக்கட்டியாயிற்று.

நான் அழத் தொடங்கினேன். அக்கா கட்டிலில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புட்டுக்குள்ள அடைபட்டுச் செத்த ரெண்டு யாழ்ப்பாணப் பொம்பிளையள் எண்டு பேப்பரில வரும்" என்றார். பிறகு முன்கண்ணாடிக்குள்ளால் இருவரும் கைகாட்ட, பக்கத்து வான்கார அம்மா ஒருவர் பனிநீக்கித் தெளிப்பானோடு ஓடிவந்தார். கதவு திறந்ததும் அவர் எங்களைப் பார்க்கவில்லை. மூக்கை நீட்டி, என்ன சமைத்தீர்கள் என்றுதான் கேட்டார். அக்கா ஒரு குழல் புட்டைத் தட்டில் தள்ளிக் கொடுத்தார். மறுநாள் அந்த அம்மா தன் கணவரையும் கூட்டிக்கொண்டு தட்டோடு வந்து நின்றார். அன்று தொடக்கம், வெளியே என்ன குளிர் என்றாலும் கூரைத் துவாரத்தைத் திறந்துவிட்டு, ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் புட்டு அவித்தோம்.

சறுக்குவதில் அக்கா பெரிய ஆளில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சறுக்கல் கெதியாக வந்தது, துணிவு வரவில்லை. அவருக்குத் துணிவு ஏற்கெனவே இருந்தது, சறுக்கல்தான் வரவில்லை. வளைவதற்குப் பழகினார், நிறுத்துவதற்குக் கடைசிவரை சரியாகப் பழகவில்லை. பதினெட்டு மீற்றர் பேருந்தைத் தரிப்பின் கோட்டில் இம்மி பிசகாமல் நிறுத்துகிறவர், பலகையில் வந்தால் எதிலாவது முட்டித்தான் நிற்பார். விழுந்து எழும்பி, "ஆனைக்கும் அடி சறுக்கும். நான் ஆனையை விட மெல்லிசுதானே" என்று பனியைத் தட்டுவார்.

இனி மாமியின் கதைக்கு வருகிறேன். மூன்றாவது ஆண்டு, எங்கே வருடா வருடம் மறைகிறாய் என்று கோவிலில் எல்லோரும் அக்காவைத் துளைத்தார்கள். ஐம்பது தாண்டிய பெண் பலகையில் சறுக்கப் போகிறாள் என்றால் ஊர்வாயை மூட முடியாது என்று நினைத்து, இடுப்புப் பக்கத்து நாரி நோவுக்கு டொக்டர் கூர் எழுதித் தந்திருக்கிறார் என்றார். கூர் என்றால் மலைப்பக்கமோ கடற்பக்கமோ போய் இருந்து உடம்பைத் தேற்றுகிற ஜெர்மன் வைத்தியம். பேருந்து ஓட்டுகிறவளுக்கு நாரி நோவு வருவது இயற்கைதானே. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

ஆனால் பெரிய பிழை ஒன்றை விட்டுவிட்டோம். உடம்புக்கு வருத்தம் என்று எங்கள் சனத்திடம் சொன்னால், சனம் வருத்தம் பார்க்க வரும். அது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. நாரி நோவு இரண்டு நாளில் முள்ளந்தண்டு ஒப்பரேஷன் ஆகியிருந்தது. மாமி தர்மண்ணையிடம் போய் எந்த இடம் என்று கேட்க, பொய்யே வராத மனிதர் ஊரின் பெயரை அப்படியே ஒப்புவித்துவிட்டார். மாமி தன் மருமகனின் காரில் இன்னும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் கறுப்புக் கோட்டும், கையில் மல்லித்தண்ணீர்ப் போத்தலும், ஒரு பை கறுப்பு முந்திரிகைப்பழமுமாக வந்து இறங்கினார். முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையை. எங்கள் ஊரில் வருத்தக்காரருக்குக் கொண்டுபோகிற பழம் அது.

கார் தரிப்பிடத்தில் எங்கள் வானைக் கண்டு மாமி கீழே சறுக்குதளத்தின் அடியில் வந்து நின்றிருக்கிறார். நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், மாமி என்னிடம் நோயாளி எந்த வாட்டில் என்று கேட்கிறார். அந்த நேரம் பார்த்து மேலே இருந்து செம்மஞ்சள் ஜாக்கெட் ஒன்று வருகிறது. அக்கா மாமியைக் கண்டுவிட்டார். கண்டதும், பழகியிருந்த கொஞ்சநஞ்ச நிறுத்தமும் மறந்துபோயிற்று. நேரே வந்து, பழப்பையைத் தட்டிவிழுத்தி, மாமியின் சப்பாத்துக்கு முன்னால் மல்லாந்து விழுந்தார். விழுந்த இடத்தில் கிடந்தபடி, "மாமி, எனக்கு நாரி நோ" என்றார்.

மாமி அவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, தெரியுது" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்கப் பனியிலேயே குந்திவிட்டார். அந்த அழுத்தமான முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று நான் அன்றுதான் அறிந்தேன். வெள்ளைப் பனியில் சிதறிக் கிடந்த கறுப்புப் பழங்களை எல்லோரும் பொறுக்கினோம். குளிர்ந்து இறுகிப்போயிருந்த அவற்றை அங்கேயே இருந்து தின்றோம். இப்படி ருசியான முந்திரிகை தான் தின்றதில்லை என்றார் மாமி. மல்லித்தண்ணீரையும் வீணாக்காமல் அக்காவைக் குடிக்க வைத்தார்.

அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு கார்னிவல் வாரமும் தேசிக்காய் வைக்கும் நேரத்துக்கு மாமி வந்துவிடுவார். யன்னலுக்குள்ளால் ஒரு பை கறுப்பு முந்திரிகையை நீட்டி, "வருத்தக்காரிக்கு" என்பார். அக்கா முனகிக்கொண்டு நாரியைப் பிடிப்பார். இந்த நாடகம் முடியாமல் நாங்கள் ஒரு வருடமும் புறப்பட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் அக்காவுக்கு உண்மையான வருத்தம் வந்தது. வயிற்றில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். தர்மண்ணைக்கும் எனக்கும் மட்டும் சொன்னார். மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று நான் சண்டை பிடித்தேன். முக்கியமாக மாமிக்குச் சொல்லாமல் விடுவது அநியாயம் என்றேன். அக்காவிடம் பதில் இருந்தது. "இவ்வளவு நாளும் என்னைக் கண்டால் மாமிக்குச் சிரிப்பு வரும். இனி அழுகை வரும். அதைப் பாத்துக்கொண்டு என்னால படுக்க ஏலாது, சாந்தி." அதோடு பொய்க்கு நானும் கூட்டுச் சேர்ந்தேன்.

முன்பு சறுக்கப் போவதற்கு வருத்தம் என்று பொய் சொன்னோம். இப்போது வருத்தத்துக்குச் சறுக்கப் போகிறோம் என்று பொய் சொன்னோம். மருந்து ஏற்றும் வாரங்களில் அக்கா மலையில் நிற்பதாகச் செய்தி போகும். வான் தெருவில் நின்றால் பிடிபட்டுவிடும் என்பதால் அதைப் பான் நகரில் என் தம்பி வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் பழைய படங்களைத் தேடி அனுப்புவது என் வேலை. ஒருமுறை மாமி, போன மாரியிலும் இதே சால்வைதானே என்று எழுதிவிட்டார். கையில் ஊசியோடு படுத்திருந்த அக்கா, மலைக்கு ஒரு சால்வை காணும் என்று எழுது என்றார். மாமி சிரிக்கிற முகம் ஒன்று போட்டார். முடி கொட்டியபோது, பத்து வருடத்துக்கு முன் விடுதி யன்னலோரம் பின்னிய தொப்பி உதவியது. குளிர்காலத்தில் தொப்பியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கார்னிவல் வாரம் நெருங்க, மருந்துக்கு ஒரு இடைவெளி விட்டார்கள். போய்வரலாம், ஆனால் விழக்கூடாது என்று டொக்டர் அம்மா சொன்னார். விழாமல் வருவதற்குத்தான் தான் பத்து வருடமாகப் பழகுவதாக அக்கா அவருக்கு விளக்கினார். தம்பி வீட்டிலிருந்து வானை எடுத்து வந்தேன். தேசிக்காய் வைத்தோம். இந்த முறை தர்மண்ணை, வரவே மாட்டேன் என்றவர், பெட்டியோடு வந்து நடு ஆசனத்தில் ஏறி இருந்தார். மாமி வந்தார். தொப்பியும் தடித்த ஜாக்கெட்டுமாக இருந்த அக்காவுக்கு யன்னலுக்குள்ளால் பையை நீட்டி, "வருத்தக்காரிக்கு" என்றார். அக்கா வழக்கம்போல நாரியைப் பிடித்துக்கொண்டு முனகினார். தர்மண்ணை முன்னால் தெருவைப் பார்த்தார். நான் இறங்கிப்போய்ச் சில்லில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். வேண்டிய அளவு இருந்தது.

மலையில் அக்கா உச்சிக்கு ஏற்றிவிடுகிற கதிரை லிஃப்ட் பக்கம் போகவில்லை. சிறுபிள்ளைகள் பழகுகிற மேடு ஒன்று இருக்கிறது. நாற்பது எட்டு வைத்தால் முடிந்துவிடும், பாய்போல ஓடுகிற பட்டியில் நின்றால் மேலே கொண்டுபோய் விடும். அங்கே பலகையில் ஏறி நின்றார். நான் சப்பாத்துக் காலோடு முன்னால் நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். கையுறைக்குள் விரல்கள் இருக்கிறதே தெரியவில்லை, அவ்வளவு மெலிவு. பாதி வழியில் கையை விடு என்றார். ஏலாது என்றேன். "விடு, சாந்தி. நான் நிப்பாட்டுவன்" என்றார்.

விட்டேன். அதற்கு மேல் இருபது எட்டுத் தூரம்தான். மெல்ல இடப்பக்கம் வளைந்தார், மெல்ல வலப்பக்கம் வளைந்தார், கீழே தர்மண்ணைக்கு ஒரு முழம் முன்னால் பலகையைத் திருப்பி, முட்டாமல், விழாமல், தரிப்பின் கோட்டில் பேருந்தை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினார். பக்கத்தில் நின்ற நாலு வயதுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் மேட்டின் நடுவில் நின்று கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "பாத்தியளோ, கோட்டில நிக்குது" என்றார் அக்கா, தர்மண்ணையிடம். அவர் பலகையின் வாரைக் குனிந்து கழற்றிவிட்டு, அங்கே இருந்த மர வாங்கில் அக்காவை இருத்தினார்.

பனி உருகத் தொடங்கியபோது அக்கா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி வாரங்களிலும், இந்த வருடம் பனி நல்லது, இன்னும் கொஞ்சநாள் நிற்கிறோம் என்று உங்களுக்கு எழுதியவள் நான்தான். கோபம் இருந்தால் என்னோடு கோபியுங்கள், தர்மண்ணையோடு வேண்டாம். அவருக்கு வேலை இருக்கிறது. போன கிழமை என்னிடம், வருகிற கார்னிவலுக்கு வான் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், அந்தச் சின்ன மேட்டில் அறுபத்திரண்டு வயதுக்காரரைப் பழக்குவார்களா என்று கேட்டார். ஸ்கீயா பலகையா என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, ஒண்டு காணும் என்றார்.

அக்காவின் செம்மஞ்சள் ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது. புட்டுக்குழலும், வானின் மாற்றுச் சாவியும், காலையில் வண்டியை நேரத்துக்கு எடுக்கிற பழக்கமும் இருக்கின்றன. இவையெல்லாம் எனக்குத் தந்தவை, வைத்துக்கொள்கிறேன். என்னுடையது அல்லாத ஒன்றும் இவ்வளவு நாள் என்னிடம் இருந்தது. அதை இங்கே உரியவரிடம் கொடுக்கிறேன்.

அன்று அக்கா அந்த வாங்கில் இருந்தபோது தர்மண்ணை வானிலிருந்து கொண்டுவந்தது உங்கள் பையைத்தான், மாமி. சாப்பாடு என்றால் முகத்தைத் திருப்புகிற நாட்கள் அவை. பையைக் கண்டதும் அக்கா கையுறையைக் கழற்றினார். ஒரு பழத்தைப் பனியில் உருட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எனக்கு வருத்தம் எண்டு வந்து பாத்தது மாமி ஒராள்தான். வருத்தம் பாக்கத்தான் வந்தது எண்டு அவவுக்கே தெரியாது. பேந்து ஒருநாள் சொல்லு."

சொல்லிவிட்டேன், மாமி. ஏழு பழம் சாப்பிட்டார்.